நடுவர் குழு, வி.ஏ.ஆர்., கோச் முறையீடு, பிந்தைய விசாரணை: பெங்களூர் டோர்னமென்டுக்கு எது சரி?

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து டோர்னமென்ட் நடத்தும் கமிட்டிகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நீலசந்திராவிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, மேட்ச் எப்படியும் யூடியூப்ல லைவ் போகுது. அதையே ரெஃப்ரிக்குக் காட்டினா டைவ் அடிக்கிறவனெல்லாம் மாட்டிக்குவான்ல? நாலு போன் நாலு மூலைல வெச்சா வி.ஏ.ஆர். ஆயிடாதா?" டைவ் என்றால் ஃபவுல் நடந்தது போல நடித்து விழுவது; வி.ஏ.ஆர். என்றால் வீடியோ பார்த்துக் கள நடுவருக்கு உதவும் தனி நடுவர் ஏற்பாடு. கௌதமபுரத்தில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் சொன்னது இதற்கு நேர் எதிர்: "கேமரா எல்லாம் வேணாம்ப்பா. ரெஃப்ரி விசில் அடிச்சா முடிஞ்சுது. நாங்க அப்படித்தான் ஆடினோம்."

இரண்டு பேருக்கும் ஆட்டத்தின் மேல் உண்மையான அக்கறை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அவருக்குப் பின்னும் இந்த ஊரின் தமிழ்ப் பேட்டைகளிலிருந்து இந்திய அணிக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரின் கிரவுண்டில் பதினான்கு வயதுப் பையன், பந்தை விட்டுவிட்டு, பெனால்ட்டி வாங்குவதற்காக கோலுக்கு முன்னாலுள்ள பாக்ஸுக்குள் எப்படி விழுவது என்று பழகுகிறான். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் கமிட்டிகளுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

## தவறு வேறு, ஏமாற்று வேறு

கமிட்டிக் கூட்டங்களில் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் பணத்தை எங்கே போடுவது என்பது தெரியும்.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோல் கோட்டைத் தெளிவாகத் தாண்டி விழுந்தது. நடுவரும் உதவி நடுவரும் பார்க்கவில்லை, கோல் கிடைக்கவில்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மனிதக் கண்ணுக்கு எட்டாமல் போனது, அவ்வளவுதான். கோல் கோட்டுத் தொழில்நுட்பத்தை 2012இல் கால்பந்தின் உலக விதியமைப்புக் குழு ஏற்றதற்கு இந்தச் சம்பவம் ஒரு முக்கியக் காரணம்.

2002 உலகக் கோப்பையில் பிரேசிலின் ரிவால்டோ கார்னர் எடுக்க நின்றபோது, துருக்கியின் ஹகான் உன்சால் உதைத்த பந்து அவர் தொடையில் பட்டது. ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். உன்சாலுக்கு வெளியேற்றம். இது சுத்தமான நடிப்பு. பின்னால் ரிவால்டோவுக்கு அபராதம் மட்டும் விதித்தார்கள். அவர் ஆட்டம் எதையும் இழக்கவில்லை.

முதல் வகைக்குத் தேவை இன்னொரு கண். இரண்டாம் வகைக்கு ஆட்டக்காரர் பயப்படும்படி ஒரு தண்டனை இருக்க வேண்டும். ஒரே ஏற்பாடு இரண்டையும் சரி செய்துவிடும் என்று நம்பி இறங்கும் கமிட்டிகள்தான் பாதியில் கைவிடுகின்றன.

## எதை வைத்து அளப்பது

தலைப்பில் சொன்ன நான்கு வழிகளையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். எந்த வகைப் பிழையைப் பிடிக்கும்? ஆட்டத்தை எவ்வளவு நிறுத்தும்? கண்ணுக்குத் தெரியும் செலவு என்ன, தெரியாத செலவு என்ன? அடுத்த வாரம் டைவ் அடிக்க ஒருவன் யோசிப்பானா? தோற்ற அணியும் அவர்கள் ஆட்களும் முடிவை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்களா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். நம் கிரவுண்டுகளில் கூட்டம் கோட்டை ஒட்டியே நிற்கிறது. வேலி கிடையாது, போலீஸ் கிடையாது. ஒரு தவறான பெனால்ட்டி ஐந்து நிமிடத்தில் கைகலப்பாகிவிடும். நடுவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் அவரைச் சுற்றி ஆள் நிற்கும்.

## 1. வீடியோ இல்லாமல், முழு நடுவர் குழு

இப்போது பல டோர்னமென்டுகளில் நடப்பது இது: ஒரே ரெஃப்ரி, கொடி பிடிக்க இரண்டு அணிகளிலிருந்தும் ஆளுக்கொருவர், அந்த ரெஃப்ரியே காலையிலிருந்து மாலை வரை ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக ஓடுகிறார். மதியம் மூன்று மணிக்கு அவர் பந்துக்கு முப்பது மீட்டர் பின்னால் இருப்பார். அங்கிருந்து பார்த்தால் எந்த டைவும் ஃபவுலாகத்தான் தெரியும்.

டைவைப் பிடிப்பதில் முக்கால் பங்கு நிற்கும் இடத்தைப் பொறுத்தது. மோதும் இரண்டு பேருக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரிகிற கோணத்தில் நடுவர் இருக்க வேண்டும். அதனால்தான் நடுவர் மைதானத்தில் மூலைவிட்டமாக ஓடுவதும், எதிர்ப்பக்கக் கோட்டில் உதவி நடுவர் நிற்பதும். ஒருவர் ஒரு பக்கம் பார்த்தால் மற்றவர் மறுபக்கம் பார்ப்பார். அணிக்காரர் கையில் கொடியைக் கொடுத்துவிட்டால் இந்த ஏற்பாடே இல்லாமல் போகிறது. தன் அணிக்கு எதிராக அவர் கொடி தூக்குவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நடுவரும் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிடுவார்.

கண்களைக் கூட்டினாலே போதும் என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே கூடுதல் உதவி நடுவரை நிறுத்திப் பார்த்தார்கள். 2012 யூரோ கோப்பையில் உக்ரைனின் டெவிச் அடித்த பந்தை இங்கிலாந்தின் ஜான் டெர்ரி கோட்டுக்கு உள்ளேயிருந்து வெளியே தட்டினார். சில மீட்டர் தூரத்தில் நின்ற அந்த அதிகாரிக்கே அது தெரியவில்லை.

இந்த வழியில் தெரியும் செலவு, ஆட்டத்துக்கு மூன்று பேருக்கான கட்டணம். தெரியாத செலவு, ஒரு நாளுக்கு இரண்டு குழு வேண்டும் என்பது. ஒரு குழு ஓடும்போது மற்றது உட்கார வேண்டும். நிழல், தண்ணீர், சாப்பாடு, அன்றைக்கே கையில் பணம். கமிட்டி இதில் மிச்சம் பிடித்தால் நல்ல நடுவர் அடுத்த முறை வர மாட்டார்.

லீக் சுற்றுகளுக்கும், சிறுவர் போட்டிகளுக்கும், ஒரே நாளில் பத்து ஆட்டம் முடிக்க வேண்டிய, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்கும் இதைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது. அடுத்து வரும் மூன்று வழிகளுக்கும் அடித்தளம் இதுதான். இதைச் செய்யாமல் கேமரா வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

## 2. முழு வி.ஏ.ஆர்.

2018 மார்ச்சில் ஆட்ட விதிகளில் சேர்ந்தது. அந்த ஆண்டு ரஷ்ய உலகக் கோப்பையில் முதன்முதலாக உலகம் முழுக்கப் பார்த்தது. அப்போது நான்கு விஷயங்களுக்கு மட்டும் அனுமதி: கோல், பெனால்ட்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாற்றி அட்டை காட்டுவது. அதிலும் தவறு தெளிவாகவும் வெளிப்படையாகவும் இருந்தால்தான் தலையிட வேண்டும்.

அது டைவைப் பிடித்த நல்ல உதாரணம் அதே கோப்பையில் இருக்கிறது. கோஸ்டாரிக்காவுக்கு எதிராக நெய்மார் பின்னால் சாய்ந்து விழுந்தார். நடுவர் குய்ப்பர்ஸ் பெனால்ட்டி கொடுத்தார். திரையில் போய்ப் பார்த்துத் திரும்பி அதை ரத்து செய்தார். பார்த்தவர்களுக்கு நியாயம் நடந்தது போல இருந்தது. உண்மையிலேயே நடந்தது.

ஆனால் டைவின் பெரும்பகுதி அந்தப் பட்டியலுக்குள் வராது. நடுக்களத்தில் விழுந்து ஃப்ரீ கிக் வாங்குவது, முகத்தைப் பிடித்துக்கொண்டு எதிராளிக்கு மஞ்சள் அட்டை வாங்கிக் கொடுப்பது, முன்னிலையில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடம் உருண்டுகொண்டே இருப்பது. நம் கிரவுண்டில் சண்டை கிளப்புவதெல்லாம் இவைதான். இவற்றைப் பார்த்து வி.ஏ.ஆர். அறை பேசாமல் இருக்க வேண்டும் என்பதே விதி.

அந்த அறையில் இருப்பதும் மனிதர்கள்தான். 2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்டது சரியான கோல். களத்தில் ஆஃப்சைடு (பந்து அனுப்பப்பட்ட நொடியில் எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்பது) என்று கொடி தூக்கியதை மறந்து, கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, வீடியோ நடுவர் 'சரிபார்த்தாயிற்று' என்றார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. தொடங்கிய பின் திரும்பிப் போக விதியில் இடமில்லை. உலகின் பணக்கார லீக்கில், அத்தனை கேமராவும் வேலை செய்துகொண்டிருந்தபோது, அறைக்கும் களத்துக்கும் இடையே பேச்சு சரியாகப் போகாததால் ஒரு கோல் போனது.

செலவைக் கேட்டாலே நம் கமிட்டிகள் கைவிட்டுவிடும். 2022 கத்தாரில் ஆஃப்சைடுக்கு மட்டும் கூரைக்கடியில் 12 கேமரா; ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை அளந்தன; பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. இந்தியாவின் உச்ச லீக்கிலேயே வி.ஏ.ஆர். இல்லாமல் பல சீசன்கள் ஓடியிருக்கின்றன. 2023 மார்ச்சில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்களூர் எஃப்.சி. பெனால்ட்டி ஷூட்அவுட்டில் தோற்றது. ஆட்ட நேரத்தில் கொடுக்கப்பட்ட ஒரு பெனால்ட்டியால் மனம் நொந்த அணி உரிமையாளர், வி.ஏ.ஆர். உடனே வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அந்த நிலையில் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் ஒரு கிளப்பின் ஆண்டே அடங்கியிருக்கும் இடத்தில் இது தேவை.

தெரியாத செலவில் பெரியது, கோல் விழுந்த நொடியின் சந்தோஷம். கொண்டாடலாமா வேண்டாமா என்று திரும்பிப் பார்க்கிற கூட்டத்தை இப்போது எல்லா ஊரிலும் காணலாம். ஸ்வீடனில் கிளப்புகள் 2024இல் இதை வேண்டாம் என்று முடிவெடுத்தன. நார்வேயில் அதே ஆண்டு ரசிகர்கள் மீன் வடைகளைக் களத்தில் எறிந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். இங்கிலாந்திலோ 2024 ஜூனில் வாக்கெடுத்தபோது 19 கிளப் வைத்துக்கொள்வோம் என்றன. நீக்கச் சொன்னது ஒன்றுதான்.

வி.ஏ.ஆர். எதையும் தீர்க்காத ஒரு வகைச் சண்டையும் உண்டு. அதை இந்த ஊரே பார்த்திருக்கிறது. 2023 மார்ச் 3, கண்டீரவா ஸ்டேடியம், பெங்களூருக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் நாக்அவுட் ஆட்டம், கூடுதல் நேரம். எதிரணி சுவர் அமைத்து முடிக்கும் முன்பே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்து கோலாக்கினார். நடுவர் கோல் கொடுத்தார். கேரளா பயிற்சியாளர் தன் ஆட்களை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். பின்னால் அந்த கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. பந்து எங்கே இருந்தது, யார் உதைத்தது என்று எல்லாமே டி.வி.யில் தெளிவாகத் தெரிந்தது. விசிலுக்குக் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான் தகராறு. எத்தனை கேமரா வைத்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது. ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு 'வேகமான ஃப்ரீ கிக் அனுமதி உண்டு. எதிரணியைத் தள்ளி நிற்க வைக்கத் தூரம் கேட்டால் மட்டும் விசிலுக்குக் காத்திருங்கள்' என்று சொல்லிவைப்பதற்குச் செலவே இல்லை. நம் டோர்னமென்டுகளில் அதைக் கட்டாயமாக்கலாம்.

## 3. கோச் கேட்டால் மட்டும் வீடியோ

நீலசந்திரா தம்பி கேட்டதற்கு மிக நெருக்கமான வழி இது. கிரிக்கெட்டில் டி.ஆர்.எஸ். பார்த்துப் பழகிய நமக்கு உடனே புரியும். பெரிய கேமரா அமைப்பு இல்லாத போட்டிகளுக்காக ஃபிஃபா இதைச் சோதித்து வருகிறது. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையிலும், டொமினிக்கன் குடியரசில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையிலும் நடைமுறையில் இருந்தது. தனி வீடியோ அறையோ வீடியோ நடுவரோ கிடையாது. ஒவ்வொரு கோச்சுக்கும் இரண்டு முறையீடு. முடிவு மாறினால் முறையீடு கையில் தங்கும், மாறாவிட்டால் போகும். கள நடுவரே ஓரத்துக்கு வந்து திரையில் பார்த்து முடிவு சொல்வார்.

இதன் பெரிய பலம், பொறுப்பு பங்கு பிரிவது. கோச் கேட்காமல் விட்டால் அது அவர் முடிவு. கேட்டு வீணாக்கினால் அதுவும் அவர் முடிவு. ஆட்டம் முடிந்தபின் நடுவரைத் திட்டுவதற்குப் பாதிக் காரணம் காணாமல் போகிறது.

இனி போன்களின் விஷயத்துக்கு வருவோம். இங்கே தொழில்நுட்பம் தெரியாமல் இறங்கினால் நியாயத்துக்குப் பதில் அநியாயம்தான் கூடும்.

முதலில் ஆஃப்சைடு. வேகமாக ஓடும் ஆட்டக்காரர் நொடிக்கு ஏழு, எட்டு மீட்டர் போவார். போன் நொடிக்கு 30 படம் எடுக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அவர் சுமார் 25 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். அதே நேரம் டிஃபெண்டர் எதிர்த் திசையில் ஏறிக்கொண்டிருந்தால் வித்தியாசம் அரை மீட்டரைத் தொடும். பந்து காலை விட்டுப் புறப்பட்டது எந்தப் படத்தில் என்பதே சண்டையாகும். அதோடு கேமரா நடுக்கோட்டில் இருந்தால், பாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரில் யார் முன்னால் என்பதைச் சாய்வுக் கோணம் மாற்றிக் காட்டும். அதனால் ஆஃப்சைடை முறையீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தயக்கமே வேண்டாம்.

கோல் கோடு விஷயம் எளிது. இரண்டு கோல் கோட்டுக்கும் நேராக, கோட்டின் நீட்சியிலேயே, அசையாத ஸ்டாண்டில் ஒரு போன். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டியதா என்பதை லாம்பார்டு பந்து அளவுக்குத் தெளிவான சம்பவங்களில் அது சொல்லிவிடும். மயிரிழைச் சம்பவங்களில் சொல்லாது. அங்கே நடுவர் முன்பு சொன்னதே நிற்கும்.

பாக்ஸுக்குள் விழுவதைப் பார்க்க, கோல் கம்பத்துக்குப் பின்னால் சற்று உயரத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு கோணமாவது வேண்டும். ஒரே கோணத்தில் கால் பட்டது போலத் தெரிவது மறுகோணத்தில் ஒரு சாண் விலகி இருக்கும்.

லைவ் போகும் போனையே ரெஃப்ரிக்குக் காட்டலாம் என்ற யோசனையும் சரிவராது. நேரலை பல நொடி தாமதமாக வருகிறது. சிக்னல் போனால் படம் உடையும். அதே போனில் பின்னால் ஓட்டிப் பார்க்க முயன்றால் ஒளிபரப்பு நிற்கும். பதிவு செய்யத் தனிப் போன், காட்சியை எடுத்துத் தர ஒரு லேப்டாப், அதை இயக்க எந்த அணியையும் சேராத ஓர் ஆள், வெயிலில் திரை தெரிய ஒரு குடை, நாலு மணி மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, நாள் முழுக்க பேட்டரி. இவைதான் தெரியாத செலவு. இதில் ஆள்தான் கிடைக்க மாட்டார். அந்த ஆளின் அத்தை பையன் ஏதோ ஓர் அணியில் ஆடிக்கொண்டிருப்பான்.

நேரமும் பார்க்க வேண்டும். ஒரு முறையீட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும், பத்து ஆட்டம் நடக்கும் நாளில் அது சேர்ந்து சேர்ந்து கடைசி ஆட்டத்தை இருட்டுக்குள் தள்ளிவிடும். விளக்கில்லாத கிரவுண்டில் அரையிறுதி இருட்டில் நடந்தால் புதுத் தகராறு வரும். முன்னிலையில் இருக்கும் கோச், மூச்சு வாங்குவதற்காகவே கடைசி நிமிடத்தில் முறையீடு கேட்பதும் நடக்கும்.

சட்டச் சிக்கலும் ஒன்று இருக்கிறது. வி.ஏ.ஆர். வைக்க, ஃபிஃபாவிடம் எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்று விதிப் புத்தகமே சொல்கிறது. மாநிலச் சங்கத்தோடு இணைந்த போட்டி என்றால் உங்கள் விருப்பத்துக்கு ஆட்டத்தின் நடுவில் வீடியோ காட்ட முடியாது. பதிவு பெற்ற நடுவரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. டர்ஃபில் நடக்கும் ஆபீஸ் கப், பேட்டைக்குள் நடக்கும் செவன்ஸ் போன்ற தனிப்பட்ட போட்டிகளுக்குத்தான் இந்த வழி. அங்கேயும் நடுவரிடம் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்குங்கள்.

அப்படிச் செய்வதென்றால் என் பரிந்துரை: அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும், அணிக்கு ஒரே முறையீடு, ஆட்டம் மறுபடி தொடங்கும் முன் கேட்க வேண்டும், கோல் கோடு, பெனால்ட்டி, நேரடிச் சிவப்பு அட்டை ஆகிய மூன்றுக்கு மட்டும், நடுவர் ஒரு நிமிடத்துக்குள் தெளிவு காணாவிட்டால் பழைய முடிவே நிற்கும்.

## 4. ஆட்டம் முடிந்தபின் வீடியோ விசாரணை

நான் முழு மனதோடு சொல்லும் வழி இதுதான். டைவை இது நேராகத் தொடுகிறது.

இங்கிலாந்துச் சங்கம் 2017இல் ஒரு விதி கொண்டுவந்தது. நடுவரை ஏமாற்றிப் பெனால்ட்டி வாங்கினாலோ, எதிராளியை வெளியேற்ற வைத்தாலோ, ஆட்டத்துக்குப் பின் மூன்று பேர் காட்சியைப் பார்ப்பார்கள்: ஒரு முன்னாள் நடுவர், ஒரு முன்னாள் மேனேஜர், ஒரு முன்னாள் ஆட்டக்காரர். மூவரும் ஒருமனதாக 'ஏமாற்று' என்று சொன்னால்தான் குற்றச்சாட்டு. நிரூபணமானால் இரண்டு ஆட்டத் தடை. பிரீமியர் லீக்கில் முதலில் மாட்டியவர் எவர்ட்டனின் ஊமர் நியாஸ். 2017 நவம்பரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக விழுந்து பெனால்ட்டி வாங்கியதற்குத் தடை.

இதன் பலவீனமும் அதே சம்பவத்தில் தெரிகிறது. அந்தப் பெனால்ட்டி கோலானது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. தடை வந்தபின்னும் அந்த கோல் அப்படியே இருந்தது. ஏமாந்த அணிக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. இறுதி ஆட்டத்தில் டைவ் அடித்துக் கோப்பையைத் தூக்கியவனை அடுத்த சீசனில் இரண்டு ஆட்டம் உட்கார வைப்பதில் தோற்றவனுக்கு என்ன ஆறுதல்? இறுதிக்கு மட்டும் மூன்றாவது வழியைச் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் லீக் சுற்றில் இதன் பலன் வேறு எதிலும் வராது. ஆட்டம் ஒரு நொடிகூட நிற்காது. ஒரே கேமரா இருந்தாலும் போதும். ஏற்கெனவே யூடியூபில் கிடக்கும் பதிவையே எடுத்துக்கொள்ளலாம். நடுக்களத்தில் நடந்த நடிப்பையும் எடுக்கலாம், நேரம் கடத்த உருண்டதையும் எடுக்கலாம். எதைக் குற்றமாக்குவது என்பது உங்கள் விதிதான். அடுத்த ஞாயிறு உட்கார வேண்டும் என்றால், வாரம் முழுக்க அந்த ஞாயிறுக்காகவே காத்திருக்கும் பையன் கட்டாயம் யோசிப்பான். ஆட்ட விதியில் நடிப்புக்கு மஞ்சள் அட்டைதான். ஒரு பெனால்ட்டிக்காக ஒரு மஞ்சள் வாங்குவது பலருக்கு லாபக் கணக்கு. ஓர் ஆட்டத் தடை வந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

காட்சியைப் பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் பால் மோரிஸ் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்தார். நிஜமாகத் தடுக்கி விழுகிறவர் கையைக் கீழே ஊன்றவோ பக்கவாட்டில் சமநிலை தேடவோ முயல்வார். உடல் தானாகச் செய்யும் வேலை அது. நடிப்பவர் இரண்டு கையையும் மேலே தூக்கி, நெஞ்சை முன்னால் தள்ளி, முழங்காலை மடித்து வில்லாக வளைவார். நிஜ விழுகையில் அந்தத் தோரணை வருவதில்லை. இன்னொன்று, மோதலுக்கும் விழுகைக்கும் இடையிலான நேரம். கால் பட்டபின் ஒரு எட்டு வைத்துவிட்டுச் சரிந்தால் சந்தேகப்படலாம்.

அதே அளவுக்கு எச்சரிக்கையும் வேண்டும். கால் படாவிட்டால் டைவ் என்று நம் ஆட்கள் முடிவே கட்டிவிடுகிறார்கள். விதியில் தடுக்கி விடுவது மட்டுமல்லாமல் தடுக்கி விட முயல்வதும் ஃபவுல். பறந்து வரும் பூட்ஸ் ஸ்டட்டுக்குத் தப்பித்துக் குதித்து விழுந்தவன் ஏமாற்றுக்காரன் இல்லை. தன் காலைக் காப்பாற்றிக்கொண்டவன். மழை பெய்த மண் கிரவுண்டில் சறுக்கி விழுந்து, ஃபவுல் கேட்காமல் எழுந்து ஓடுபவனும் குற்றவாளி இல்லை. அதனால் கையைத் தூக்கிக் கேட்டானா, நடுவர் ஏமாந்தாரா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூவரில் ஒருவருக்குச் சந்தேகம் இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

தெரியாத செலவு இங்கேயும் உண்டு. திங்கள் மாலை மூன்று பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய கிளப்பின் நட்சத்திரமாக இருந்தாலும் தடை கொடுக்கும் துணிவு வேண்டும். சம்பந்தப்பட்ட அணிகளைச் சேராத மூவர் கிடைப்பது கடினம். மர்ஃபி டவுன் ஆட்டத்தை லிங்கராஜபுரத்து ஆட்கள் பார்க்கட்டும், அவர்கள் ஆட்டத்தை இவர்கள் பார்க்கட்டும். காட்சித் துண்டு வாட்ஸ்அப்பில் பரவாமல் கமிட்டி பார்த்துக்கொள்ள வேண்டும். பதினாறு வயதுப் பையன் விழுந்த காட்சியை ஊரே சிரித்துப் பகிர்ந்தால் அது விதி கொடுத்த தண்டனையைவிடப் பல மடங்கு பெரிய தண்டனை. நடுவரின் தவறும் அதே துண்டில் இருக்கும், அவர் முகமும்.

## ஒரே பார்வையில்

| | முழு நடுவர் குழு | முழு வி.ஏ.ஆர். | கோச் முறையீடு | பிந்தைய விசாரணை |
|---|---|---|---|---|
| நடுவர் தவறு | பெருமளவு குறையும் | முக்கியமானவை திருந்தும் | சில திருந்தும். ஆஃப்சைடு கூடாது | திருந்தாது |
| டைவ் | ஓரளவு | பெனால்ட்டி, சிவப்பு அட்டை வரை | கோச் கேட்டால் மட்டும் | நேராகத் தண்டிக்கும் |
| ஆட்டம் நிற்பது | இல்லை | அதிகம் | ஆட்டத்துக்குச் சில நிமிடம் | இல்லை |
| செலவு | நடுவர் கட்டணம் | உள்ளூருக்கு எட்டாது | போன்கள், லேப்டாப், நடுநிலை ஆள் | மூன்று பேரின் நேரம் |
| சங்கப் போட்டியில் அனுமதி | உண்டு | சிறப்பு அனுமதி வேண்டும் | சிறப்பு அனுமதி வேண்டும் | ஒழுங்கு விதியாகச் சேர்க்கலாம் |

## யாருக்கு எது

பேட்டைக்குள் ஒரே நாள் செவன்ஸ் நடத்துகிறீர்களா? முதல் வழி மட்டும். என்ட்ரி ஃபீஸில் கொஞ்சம் கூட்டி மூன்று நடுவர் வையுங்கள். கோப்பையின் உயரத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை.

பல வாரம் ஓடும் லீக் என்றால் முதல் வழியும் நான்காவதும். இந்தச் சேர்க்கைதான் ஊரில் பெரும்பாலான கமிட்டிகளுக்குப் பொருந்தும். இறுதி ஆட்டத்துக்குப் பெரிய பரிசுத் தொகை, தனிப்பட்ட போட்டி, நடுவர் சம்மதம் என்று மூன்றும் இருந்தால் அந்த ஒரு நாளுக்கு மூன்றாவதையும் சேருங்கள். இரண்டாவது வழியை டி.வி.யில் வரும் லீக்குகளுக்கு விட்டுவிடுவோம்.

பதிமூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் போட்டியில் எந்த வீடியோ விசாரணையும் வேண்டாம். அங்கே விழுந்து நடிக்கும் பிள்ளையை கோச் அந்த நிமிடமே வெளியே கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, ஏன் என்று சொல்ல வேண்டும். நடுவர் பார்த்தாரா இல்லையா என்பதற்காக அவர் காத்திருக்கத் தேவையில்லை.

நான்காவது வழியை எடுக்கும் கமிட்டிகள் என்ட்ரி ஃபார்மிலேயே இந்த வரிகளைச் சேர்த்து, கேப்டனிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்:

"நடுவரை ஏமாற்றிப் பெனால்ட்டியோ அட்டையோ பெற்றதாக மூவர் குழு ஒருமனதாக முடிவு செய்தால், அந்த ஆட்டக்காரருக்கு அடுத்த ஓர் ஆட்டம் தடை, அதே சீசனில் மீண்டும் செய்தால் மூன்று ஆட்டம். புகாரை ஆட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் கேப்டன் எழுத்தில் தர வேண்டும். ஆட்டத்தின் முடிவு மாறாது. குழு பார்க்கும் காட்சியை யாரும் பகிரக் கூடாது. பகிர்ந்த அணிக்கு ஒரு புள்ளி குறைப்பு."